ஐந்து மீட்டருக்கு மேல்

பலகையில் மொத்தம் ஐந்து மீட்டர்தான் இருந்தது. வெள்ளை எனாமல் பூசிய தகடு. சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்புக் கோடு, பத்துக்கு ஒரு நீளக் கோடு, மீட்டருக்கு ஒரு சிவப்பு எண். ஆறு அணைக்குள் போய் விழுவதற்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால், கரையோரம் நட்ட தூணில் அதை அடித்திருந்தார்கள். தினமும் மூன்று வேளை தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுதுவது அவருடைய வேலை. பத்தொன்பது வருஷமாக அதே வேலை. அலுவலகத்தில் அவரை அளவுக்காரர் என்பார்கள். சம்பளப் பட்டியலில் மட்டும் இன்னும் ‘தற்காலிகம்’ என்று போட்டிருக்கும்.

கோட்டைப் பார்த்து எழுதுவதில் என்ன பெரிய வித்தை என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அவருக்கு உற்சாகம் வந்துவிடும். தண்ணீர் சும்மா நிற்காது. ஏறும், இறங்கும், தூணில் மோதி நுரைக்கும். நின்றபடி குனிந்து பார்த்தால் ஒரு கோடு, படியில் உட்கார்ந்து கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோனால் வேறொரு கோடு. அதனால் உட்கார வேண்டும். வேட்டி நனைந்தால் நனையட்டும். மனசுக்குள் இருபது எண்ண வேண்டும். அந்த இருபதுக்குள் அலை தொட்ட உச்சியையும் பள்ளத்தையும் பார்த்து, நடுவில் உள்ளதை எழுத வேண்டும். பெருவெள்ளத்தில் ஓடும் தண்ணீருக்கும் கோடையில் முழங்காலளவு ஊரும் தண்ணீருக்கும் அதே இருபதுதான். ஒரு நாளும் பத்தொன்பதில் எழுந்ததில்லை அவர்.

இந்த அளவுகள்தான் அணை அலுவலகத்துக்குப் போகும். அங்கே அவற்றைக் கணினியில் ஏற்றிக் கணக்குப் போடுகிறவள் அவர் மனைவி. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, அடுப்பு வேலையும் படிப்புமாக அல்லாடித் தேர்வெழுதி, ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தவள். கணக்கு மேடம் என்பார்கள். “வீட்டுல ஒருத்தர் அளக்குறார், இன்னொருத்தர் கூட்டுறாங்க, சாப்பாட்டையாவது அளக்காமப் போடுறாங்களா?” என்று மதகுக் கதவுகளை இயக்குகிற கதவுக்காரர் வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்பார்.

அன்று மதியம் அவர் சாப்பிட வந்தபோது அவள் எதையும் அளந்தும் போடவில்லை, அளக்காமலும் போடவில்லை. சோறும் கீரையும் அடுப்பிலேயே இருந்தன. கூடத்துத் தரையில் நீளமான தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அவள் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

“வாங்க. இது உங்க கையெழுத்துதானே?”

பழைய பதிவேட்டின் நகல்கள். நான்கு பக்கங்களில் ஒவ்வோர் எண்ணைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள்.

“என் கையெழுத்துதான். என்னைத் தவிர அங்க வேற யார் எழுதுவாங்க?”

“நாலு வருஷம். நாலுலயும் பெருவெள்ளம். நாலு தடவையும் சரியா அஞ்சு புள்ளி பூஜ்யம் பூஜ்யம்.”

“இருக்கட்டும். அதுக்கென்ன இப்ப?”

“மத்த நாளெல்லாம் தண்ணி நாலு பதினேழு, மூணு எண்பத்தாறுன்னு கண்ட இடத்துல நிக்குது. வெள்ளம் வந்த நாலு தடவை மட்டும் உங்க பலகை உச்சிக்கு வந்து, மரியாதையா நின்னு, கும்பிட்டுட்டுப் போயிருக்கு. எப்படிங்க?”

அவர் கை கழுவப் போனார். போனவர் திரும்பாமலே சொன்னார். “பலகை அதுக்கு மேல இல்ல.”

“பலகை இல்ல சரி. தண்ணி இருந்துச்சா இல்லையா?”

“கட்டத்துல எண் மட்டும்தான் எழுதணும். பலகையில இல்லாத எண்ணை எங்கேருந்து எழுதுறது?”

“அதுக்காக? நாலு வருஷமும் கண்ணை மூடிக்கிட்டா எழுதினீங்க?”

அந்த ஒரு வார்த்தைதான். அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இருபது எண்ணாமல் எழுந்திருக்காத மனுஷனைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டா என்று கேட்கிறாள், அதுவும் யார்! சொல்வதற்கு அவரிடம் ஒன்று இருந்தது. தொண்டை வரை வந்ததை அப்படியே விழுங்கிவிட்டார். தானே சோற்றைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்றார்.

அவளும் விடவில்லை. அவர் முதுகைப் பார்த்தே பேசினாள். கோபம் இருந்தாலும் ஒரு விஷயத்தை விளக்க ஆரம்பித்தால் அவள் குரலில் கோபம் தங்காது. அது அவள் பலவீனம்.

“கேளுங்க. அடுத்த மழைக்காலம் எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அதனால நான் என்ன பண்றேன், உங்க பதிவேட்டை வெச்சு, நடக்காத வருஷங்களை உண்டாக்குறேன். ஆயிரம் வருஷம். நடக்கலை, ஆனா நடந்திருக்கலாம். ஒண்ணுல மழை முன்னாடியே வருது, ஒண்ணுல வரவே இல்ல, ஒண்ணுல ஒரே வாரத்துல கொட்டித் தீர்க்குது. அணையில ஒரு மீட்டர் காலியா விட்டா இந்த ஆயிரத்துல எத்தனை வருஷம் அணைக்குக் கீழ இருக்கிற கீழ்த்தெருவுக்குள்ள தண்ணி போகும், எத்தனை வருஷம் வயல் காயும்? ரெண்டு மீட்டர் விட்டா? மூணு விட்டா? எல்லாத்தையும் போட்டுப் பார்த்து, கெடுதல் எதுல குறைவோ அதை எடுக்குறேன். புரியுதா?”

சுவர் பதில் சொல்லவில்லை.

“ஆனா அந்த ஆயிரம் வருஷத்துக்கும் விதை உங்க எண்தான். அஞ்சுன்னு நீங்க எழுதினா, ‘அஞ்சுக்கு மேல என்னமோ’ன்னு கணினிக்குப் புரியாது. அஞ்சுன்னே நம்பும். ஆயிரம் வருஷத்துல ஒரு வருஷம்கூட ஆறு அஞ்சைத் தாண்டாது. வரைஞ்சு பார்த்தேன். எல்லா வெள்ளமும் ஒரே உயரத்துல தலையைச் சீவிவிட்ட மாதிரி நிக்குது.”

“பெரிய சார்கிட்ட சொல்லிட்டியா?” என்றார் அவர், சுவரிடம்.

அவள் தாள்களைச் சுருட்டினாள். “சொன்னா பதிவேட்டைப் பொய்யா எழுதினதா உங்க மேல வரும். நிரந்தரம் பண்ற கோப்பு அவர் மேசையில இருக்கு. இந்த மாசம் கையெழுத்து ஆகும்னு கதவுக்காரர் சொன்னாரு.” சுருளுக்கு ரப்பர் வளையம் போட்டாள். “சொல்லலை. வேற வழியில சொல்லிப் பார்க்குறேன்.”

*

சாயங்காலம் அவள் தம்பி வந்தான். கடைமடையில் நிலம் வைத்திருப்பவன். கால்வாயின் கடைசி வாய்க்காலில், எல்லோரும் எடுத்து மிச்சம் இருந்தால் தண்ணீர் வரும் இடம். இரண்டு வருஷமாக மிச்சம் வரவில்லை. இந்த வருஷம் நாற்று விட்டு வைத்திருந்தான். விவசாயிகள் சங்கத்தில் அவனுக்குத் தனிக் குரல், கொஞ்சம் பெரிய குரல்.

“அக்கா, ஊரெல்லாம் ஒரு பேச்சு ஓடுது. நீ அணையைத் திறந்துவிடச் சொல்லப் போறியாமே?”

“உட்காருடா. டீ குடி.”

“டீ எதுக்கு, தண்ணி இருக்கே, கடலுக்கு அனுப்பப் போற தண்ணி. அதுலயே ஒரு சொம்பு குடு.” உட்கார்ந்தான். “மாமா, நீங்களாச்சும் சொல்லக் கூடாதா? புதுக் கதவு போட்டாச்சு. இத்தனை வருஷம் பழைய கதவு ஒழுகி ஒழுகி அணை நிரம்பினதே இல்ல. இப்பத்தான் முதல் தடவையா விளிம்பு வரைக்கும் நிக்கப் போகுது. அதைப் பார்த்து வயிறு எரியுதா இவளுக்கு?”

அளவுக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். மத்தியானத்திலிருந்து அவர் வாய் திறந்தது டீ கேட்க மட்டும்தான்.

அக்கா எழுந்து தம்பியின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள். கூரையிலிருந்து வடியும் தண்ணீரைப் பிடிக்க அங்கே ஒரு நீல டிரம் இருந்தது. பாதி நிறைந்திருந்தது.

“இது அணை. மழை வரப்போகுது. இதை இப்ப நிரப்பி வைக்கவா, காலி பண்ணி வைக்கவா?”

“மழைதான் வரப்போகுதே, காலி பண்ணு.”

“வராட்டி?”

“…நிரப்பி வை.”

“எது?”

“மழை வருமா வராதா, அதைச் சொல்லு முதல்ல.”

“அதைத்தான்டா யாராலயும் சொல்ல முடியாது. தெரியாமலே முடிவெடுக்கணும், அதுதான் வேலையே. பெரிய சார் என்ன பண்றாரு, எல்லா வருஷத்து மழையையும் கூட்டிச் சராசரி எடுத்து, அந்த மழைக்கு அணை தாங்குமான்னு பார்க்குறாரு. தாங்கும். நல்லாத் தாங்கும். ஆனா சராசரி மழைன்னு ஒரு மழை எந்த வருஷமும் பெய்யலை. ஒண்ணு கொட்டுது, ஒண்ணு ஏமாத்துது. உன் ஒரு காலைப் பனிக்கட்டியிலயும் ஒரு காலை அடுப்புலயும் வெச்சுட்டுச் சராசரியா நீ சுகமா இருக்கேன்னு சொல்ற கதை.”

“கால் என்னோடதுன்னா எனக்குத் தெரியும் அக்கா. அடுப்புல இருக்கிறது இப்ப என் கால்தான்.”

அவள் அவன் காலைப் பார்த்தாள். இருந்தாலும் சொன்னாள். “இன்னொண்ணும் இருக்கு. காலியா விட்டதைப் பிறகு நிரப்பலாம், மழைக்காலம் மூணு மாசம். நிரம்பி நிக்கிறதை ஒரே நாள்ல காலி பண்ண முடியாது. கீழே ஆத்துப் பாதை அவ்வளவு தண்ணியைத் தாங்காது. ஒரு மீட்டர் இறக்க நாலு நாள் ஆகும். வெள்ளம் ஆறு மணி நேரத்துல வரும்.”

“கீழ்த்தெருவுல எத்தனை வீடு?”

“முன்னூத்துப் பத்து.”

“கடைமடையில நாங்க நானூறு பேர்.” தம்பி டீயைக் குடிக்காமலே கிளம்பினான். “நாளைக்குக் கூட்டத்துல பார்க்கலாம். சொந்த அக்கான்னு பார்க்க மாட்டேன், சொல்லிட்டேன்.”

“பார்க்காதே. கணக்கைப் பாரு.”

*

கூட்டம் மறுநாள் காலை பதினொரு மணிக்கு, அணை அலுவலகத்தின் பெரிய அறையில். மின்விசிறி இரண்டில் ஒன்று சுற்றியது. நடு மேசையில் தலைமைப் பொறியாளர், எல்லோருக்கும் பெரிய சார். ஒரு பக்கம் கால்வாயில் முதல் தண்ணீர் எடுக்கும் தலைமடை விவசாயிகள், இன்னொரு பக்கம் தம்பியும் கடைமடைக்காரர்களும். கீழ்த்தெருவிலிருந்து ஒரு தையல்கார அம்மா மட்டும் வந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, கழற்ற மறந்து வந்திருந்தாள். அளவுக்காரர் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். கேட்டால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்குமேல் அந்த அறையில் அவருக்கு வேலை இல்லை.

அணை முழு உயரம் இருபத்துநான்கு மீட்டர். அன்றைக்குத் தண்ணீர் இருபத்துமூன்றில் நின்றது.

“விஷயம் சுருக்கமானது,” என்றார் பெரிய சார். “மழைக்காலத்துக்கு இன்னும் மூணு வாரம். இருபத்துநாலு வரைக்கும் நிரப்புறோம். சராசரி வரத்துக்கு இது பாதுகாப்பு. மேடம், அறிக்கையில ஒரே ஒரு எண் வேணும். எவ்வளவு வரத்து வரும்? போட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

“ஒரு எண் போட முடியாது சார்.”

“ஏன்? கணக்கு வரலையா?” யாரோ சிரித்தார்கள்.

“கணக்கு வந்துச்சு. அதனாலதான் முடியலை. ஆயிரம் விதமா வரலாம். ஆயிரத்துக்கும் ஒத்துவர்ற மாதிரி ஒரு முடிவு சொல்றேன். பதிவேட்டுல உள்ளபடி பார்த்தாலே ஒரு மீட்டர் காலியா வேணும். நிரப்பக் கூடாது.”

“ஒரு மீட்டர்தானே? புதுக் கதவு இருக்கு, வந்தா திறந்துக்கலாம்.”

“பதிவேட்டுல உள்ளபடிதான் ஒரு மீட்டர்,” என்றாள் அவள் மறுபடி. குரல் இறங்கிவிட்டது. “நிஜத்துல… கூடுதலா வேணும்னு நினைக்கிறேன்.”

“நினைக்கிறீங்களா!” தலைமடைப் பெரியவர் ஒருவர் கைதட்டினார். “நேத்து வரைக்கும் கணக்கு, இன்னைக்கு நினைப்பா?”

“எதை வெச்சு நினைக்கிறீங்க?” என்று பெரிய சார் கேட்டார். “ஆதாரம்?”

அவள் மேசையைப் பார்த்தாள். கதவுப் பக்கம் திரும்பிவிடக் கூடாது என்று கழுத்தைக் கெட்டியாக வைத்திருந்தாள். அந்தக் கழுத்தைத்தான் அளவுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் அத்தனை பேச்சுப் பேசியவள், ஆயிரம் வருஷத்தை விரல் நுனியில் வைத்திருப்பவள், அறை முழுக்கச் சிரிக்கிறபோது வாயைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். யாருக்காக என்று அவருக்குத் தெரியும். அவர் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார். பழக்கம். இருபது வந்தது.

“சார், அந்த அஞ்சு பொய்,” என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள். முதலில் யார் பேசியது என்றே புரியவில்லை.

“எந்த அஞ்சு?”

அவர் மேசைக்கு வந்து பதிவேட்டைத் திறந்து வைத்தார். “இதோ, இது. இது. இந்த ரெண்டும். நான் எழுதினதுதான். தண்ணி அஞ்சுல நிக்கலை. அதுக்கு மேல போச்சு. பலகை முழுகிப் போச்சு, தூணே தெரியலை. பலகை முடியுற எண்ணை எழுதிட்டு வந்துட்டேன்.”

“ஏங்க…” என்றாள் அவள்.

“நீ சும்மா இரும்மா. உன் கணக்கை நீ சொன்னே, என் அளவை நான் சொல்றேன்.”

பெரிய சார் கண்ணாடியைக் கழற்றினார். “அரசாங்கப் பதிவேட்டுல பொய் எழுதினேன்னு இத்தனை பேர் முன்னாடி சொல்றீங்க. என்ன ஆகும் தெரியுமா?”

“தெரியும் சார். கோப்பு உங்க மேசையில இருக்கு. அதுவும் தெரியும்.”

“முதல் தடவையே உள்ளதை எழுதியிருக்க வேண்டியதுதானே?”

“எழுதினேன் சார். முதல் வெள்ளத்துக்கு ‘அஞ்சு முப்பது, கணிப்பு’ன்னு எழுதி அனுப்பினேன். திருப்பி அனுப்பிட்டாங்க. ‘பலகையில் இல்லாத அளவை எழுதுவது பதிவேட்டைக் கெடுப்பதாகும்’னு ஒரு குறிப்போட. அடிச்சு அஞ்சுன்னு மாத்தச் சொன்னாங்க.”

“யாரு திருப்பி அனுப்பினது?”

அளவுக்காரர் அவரையே நேராகப் பார்த்தார். “அப்ப இங்க உதவிப் பொறியாளரா இருந்தவர் சார். கையெழுத்து எனக்கு நல்லாத் தெரியும். அது இப்ப எதுக்கு?”

பெரிய சார் கண்ணாடியைத் துடைத்தார், வெகு நேரம் துடைத்தார். கதவுக்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி மீசையைத் தடவிக்கொண்டார்.

“சரி. பொய்யின்னா நிஜம் என்ன?” என்று தம்பி எழுந்தான். “மாமா, இப்ப நீங்க ஒரு எண்ணைச் சொன்னா நாங்க நம்பணுமா? கடைசி வெள்ளம் வந்தே எட்டு வருஷம் ஆச்சு, ஞாபகத்துலேருந்தா?”

“ஞாபகம் எதுக்கு மச்சான்? ஆணி இருக்கு.”

*

அளவுப் பலகைக்குப் பக்கத்தில், கரை மேட்டில், அவர் மழைக்கு ஒதுங்க ஒரு சின்னக் கொட்டகை உண்டு. செங்கல் சுவர். ஆற்றைப் பார்த்த பக்கத்தில், சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில், நான்கு துருப்பிடித்த ஆணிகள். ஒன்று கணுக்காலுக்கு மேலே, ஒன்று முழங்காலருகில், ஒன்று மார்பளவில். நான்காவதைப் பார்க்க எல்லோரும் தலையை நிமிர்த்த வேண்டியிருந்தது.

“வெள்ளம் வடிஞ்ச மறுநாள் சுவர்ல சேத்துக் கோடு நேரா நிக்கும், யாரோ நூல் பிடிச்ச மாதிரி. அது காயறதுக்குள்ள அடிச்சுடுவேன்,” என்றார் அவர். “எழுத விடலை. அடிக்கக் கூடாதுன்னு யாரும் குறிப்பு அனுப்பலை.”

தையல்கார அம்மா நான்காவது ஆணிக்குக் கீழே போய் நின்றாள். அவள் தலைக்கு மேலே ஒரு சாண் இருந்தது. “எட்டு வருஷம் முந்தி எங்க வீட்டுக்குள்ள கரண்டைக் கால் தண்ணி வந்துச்சே, அந்தத் தடவையா இது?”

“அதேதான்.”

“இங்க இவ்வளவு, அங்க கரண்டைக் கால் மட்டுமா?”

“அப்ப கதவு ஒழுகிட்டு இருந்துச்சு அம்மா. அணை பாதி காலி. வந்ததையெல்லாம் அது முழுங்கிடுச்சு,” என்றாள் கணக்கு மேடம். அவள் இன்னும் புருஷனை நேராகப் பார்க்கவில்லை. “கதவு ஒழுகினதாலதான் நீங்க தப்பிச்சீங்க.”

ஆணி இருந்தால் மட்டும் போதாது. பலகையின் பூஜ்யத்திலிருந்து அது எவ்வளவு உயரம் என்று தெரிய வேண்டும். சுவர் ஓரிடம், பலகை ஓரிடம், நடுவில் பதினோரு அடி தூரம், சரிவான கரை. கொத்தனார்கள் வைத்திருக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வரவழைத்தார்கள். அதற்குள் தண்ணீரை நிரப்பி இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், நடுவில் குழாய் எப்படி வளைந்து கிடந்தாலும், இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். தண்ணீருக்கு மேடு பள்ளம் பார்த்து நடந்துகொள்ளத் தெரியாது.

பலகைப் பக்கம் அவள் பிடித்தாள். சுவர்ப் பக்கம் அவர்.

“காத்துக் குமிழி இருக்கு, தட்டுங்க,” என்றாள்.

தட்டினார்.

“இன்னும் கொஞ்சம் தூக்குங்க. போதும். நிக்கட்டும்.”

தண்ணீர் ஆடி ஆடி அடங்கியது. அவர் உதடு அசைவதைப் பார்த்து அவளும் கூடவே எண்ணினாள். இருபது ஆனதும், ஐந்து மீட்டர் கோட்டுக்கு நேராகச் சுவரில் ஒரு கீறல் போட்டார். அதிலிருந்து ஆணிகள் வரை அளக்க நாடா தேடியபோது தையல்கார அம்மா தன் கழுத்திலிருந்ததைக் கழற்றி நீட்டினாள்.

முப்பது. நாற்பத்தைந்து. நூற்றுப் பத்து. கடைசி ஆணிக்கு நாடா போதவில்லை. ஒன்றரை மீட்டரில் விரலை வைத்து, அதற்குமேல் மறுபடி பிடித்தார்கள். நூற்று எண்பத்தைந்து.

“ஆறு மீட்டர் எண்பத்தஞ்சு,” என்றாள் அவள். சொல்லிவிட்டுக் குழாயை இன்னும் பிடித்தபடியே, மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “பதினாறு வருஷமா ஒண்ணாத்தானே சாப்பிடுறோம். நேத்துச் சொல்லியிருக்கலாம்ல?”

“கண்ணை மூடிக்கிட்டா எழுதினேன்னு கேட்டியே.”

“கேட்டேன். தப்புதான்.” மூக்கை உறிஞ்சினாள். “இப்ப குழாயை இறக்குங்க, என் புடவையெல்லாம் தண்ணி.”

*

அவள் இரண்டு நாள் இரவுபகலாக மறுபடி கணக்குப் போட்டாள். ஐந்து மீட்டருக்கு மேலே ஆற்றுக்குக் கரை இல்லை, பக்கவாட்டில் பரந்துவிடும். ஆகவே அங்கே ஏறும் ஒரு சாண், ஐந்துக்குக் கீழே ஏறும் ஒரு மீட்டருக்குச் சமமான தண்ணீரைக் கொண்டுவரும். தலை சீவப்பட்ட ஆயிரம் வருஷங்களும் தலை முளைத்து எழுந்தன. புது விடை: இரண்டரை மீட்டர் காலி. இருபத்துஒன்றரைக்கு மேல் மழைக்காலத்தைத் தொடங்கக் கூடாது.

அதற்கு விலை உண்டு, அதையும் அவளே படித்தாள், ஒளிக்காமல். “பத்து வருஷத்துல மூணு வருஷம் அணை திரும்ப நிரம்பாது. அந்த மூணு வருஷமும் எல்லா வயலுக்கும் தண்ணி பத்தாது.”

“பத்தாட்டி யாருக்குப் பத்தாது?” தம்பி குதித்தான். “எனக்கு! கடைமடைக்கு! எப்பவும் போல!”

“இல்ல. அதையும் கணக்குல மாத்திட்டேன். பத்தாத வருஷம் முறை தலைகீழ். முதல் தண்ணி கடைமடைக்கு. இப்ப திறந்துவிடுற தண்ணியும் உங்க குளங்களுக்குத்தான் முதல்ல போகும்.”

இந்தத் தடவை தலைமடைக்காரர்கள் குதித்தார்கள். அறை சந்தை மாதிரி ஆனது. பெரிய சார் மேசையைத் தட்டினார்.

“மேடம், மழை வராட்டி? ஒன்றரை மீட்டர் தண்ணியைக் கடலுக்கு விட்டேன்னு என் பேரைத்தான் சொல்வாங்க.”

“என் பேரைச் சொல்லச் சொல்லுங்க. எழுதித் தர்றேன். ஆனா சார், மழை வரலைங்கிறதால இந்த முடிவு தப்புன்னு எழுதச் சொன்னா மட்டும் எழுத மாட்டேன். வெள்ளம் வராததுக்கும் வரவே முடியாததுக்கும் வித்தியாசம் இருக்கு.”

“அந்த ஆணிகளுக்கு நான் கையெழுத்துப் போடுறேன் சார்,” என்றார் அளவுக்காரர் கதவோரத்திலிருந்து. யாரும் அவரைப் போடச் சொல்லவில்லை. அவராகவே வந்து, அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், மனைவியின் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டார். தையல்கார அம்மா எழுந்து வந்து, “எனக்கும் இடம் இருக்கா?” என்று கேட்டாள். இருந்தது.

பெரிய சார் வெகு நேரம் அந்த மூன்று கையெழுத்தையும் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார். அன்று பகல் இரண்டு மணிக்குக் கதவுக்காரர் முதல் கதவைத் தூக்கினார்.

*

அந்த வருஷம் வெள்ளம் வரவில்லை.

சுமாரான மழை. ஆறு அதிகபட்சம் மூன்று மீட்டர் அறுபத்திரண்டுக்கு ஏறி இறங்கியது. அணை இருபத்துமூன்றைத் தொடாமலே நின்றுவிட்டது. சொன்னபடி முதல் தண்ணீர் கடைமடைக்குப் போனது. ஆனாலும் இரண்டாம் நடவுக்கு அது பாதி நிலத்துக்குத்தான் போதுமானதாக இருந்தது. தம்பி மீதி நாற்றை மாட்டுக்குப் போட்டான். தலைமடையில் சிலர் கணக்கு மேடத்தைக் கண்டால் வானத்தைப் பார்த்துக் குடை பிடிப்பதுபோல் கையைத் தூக்கினார்கள். “என்ன மேடம், வெள்ளம் எங்க, வழி தவறிடுச்சா?” அவள் நின்று, “அடுத்த வருஷமும் ரெண்டரை மீட்டர்தான். குடையைப் பத்திரமா வெச்சுக்குங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நிரந்தரக் கோப்பு ‘பதிவேட்டுக் குறைபாடு, விசாரணைக்குப் பின்’ என்ற குறிப்போடு திரும்பி வந்தது. இருபதாவது வருஷமும் தற்காலிகம். அளவுக்காரர் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அலுவலகத்துக்கு ஒரு வேண்டுகோள் எழுதினார். மூன்று மீட்டர் பலகை கேட்டு. பதில் வரவில்லை. மறுபடி எழுதினார். அதற்கும் பதில் இல்லை. பிறகு பழைய கதவிலிருந்து அறுத்துப் போட்ட இரும்புத் தகட்டைக் கதவுக்காரரிடம் கேட்டு வாங்கிவந்து, வெள்ளை பூசி, காயவைத்து, வீட்டுக் கூடத்தில் கிடத்திக் கோடு போட ஆரம்பித்தார். அவள் கறுப்புப் பெயிண்டைக் கலக்கிக் கொடுத்தாள். முன்னூறு கோடுகள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

கொட்டகைச் சுவரில் அதைப் பொருத்திய அன்று காலை தம்பி கால்வாய்க் கரை வழியாக வந்தான். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தான். உச்சியில் நின்று, குழாய் மட்டத்தை மூன்றாவது முறையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்தான்.

“என்ன மாமா, வானத்துக்கே பலகை அடிக்கிறீங்க?”

“எட்டு மீட்டர் மச்சான். அதுக்கு மேல சுவர் இல்ல.”

“என் வயல் பாதி காய்ஞ்சு கிடக்கு. இங்க எட்டு மீட்டர் தண்ணிக்குப் பலகை.”

“பாதி காய்ஞ்சது என்னாலதான்டா,” என்றாள் அக்கா. “இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

அவன் அவளை முறைத்தான். பிறகு, “ஏணியை இப்படியா பிடிப்பாங்க? மனுஷன் விழுந்து தொலைக்கப் போறாரு,” என்று அவளைத் தள்ளிவிட்டுத் தானே பிடித்தான். மேலே பார்த்தான். “நிஜமாச் சொல்லுங்க மாமா. அவ்வளவு உயரத்துக்குத் தண்ணி வருமா?”

“தெரியாது.”

“வராட்டி?”

“வராட்டி வரலைன்னு கீழ உள்ள கோட்டைப் பார்த்து எழுதுவேன். தினமும் மூணு வேளை எழுதுறதுதானே.” அவர் வாயில் பிடித்திருந்த கடைசி ஆணியை எடுத்து, தகட்டின் மேல்முனையில் வைத்து, சுத்தியலை ஓங்கினார். “வந்தா எழுத இடம் இருக்கு.”